போதையில் வண்டி ஓட்டினால்: சட்டம் எதை அளக்கிறது?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைத் தொடரின்மீது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. சிறிய ஊர்தான், ஆயினும் உலக வானியல் படத்தில் அதற்கு இடம் உண்டு. வானியல் அறிஞர் வைனு பாப்பு இங்கே நிறுவிய வானாய்வு நிலையத்துக்கு 1986 ஜனவரியில் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. 1972 முதல் இயங்கும் மற்றொன்றின் விட்டம் 1.02 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுங்கள். தொலைநோக்கி சேர்க்கும் ஒளியின் அளவு அதன் ஆடியின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 2.34-ஐ 1.02-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் ஐந்துக்குச் சற்று மேல் வரும். அதாவது பெரிய தொலைநோக்கி ஐந்து மடங்குக்கும் அதிகமான ஒளியைச் சேர்க்கிறது.

இதே கணக்கு உங்கள் கண்ணுக்கும் பொருந்தும். கண்ணின் நடுவே கருமையாகத் தெரியும் பாவை ஒளி நுழையும் வாசல். இருளில் அது சுமார் 6 மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. அபின், ஹெராயின் போன்ற பொருள்களை உட்கொண்டவரின் பாவை இருளிலும் விரியாமல் ஊசி முனைபோல் சுருங்கி நிற்கும். 6 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டர் ஆனால், உள்ளே நுழையும் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வானியலார் காவலூரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் அதன் இருண்ட இரவு. அதே இருளில்தான், ஆலங்காயத்திலிருந்து காட்டின் ஊடே ஏறிவரும் மலைப்பாதையில் வண்டிகளும் ஓடுகின்றன. அப்பாதையில் ஒரு வண்டியோட்டியின் கண் ஒன்பதில் ஒரு பங்கு ஒளியுடன் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவரைச் சட்டம் என்ன செய்கிறது? அவர் போதையில்தான் இருந்தார் என்பதை எப்படி நிலைநாட்டுகிறது? மது அருந்தியவருக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கஞ்சாவோ மாத்திரையோ உட்கொண்டவருக்கு என்ன பரிசோதனை? இக்கேள்விகளுக்கு விடை காணச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது. உங்கள் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களும் வேண்டும்.

ஒரு நொடியின் விலை

முதலில் ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் அளவுகோலை உங்கள் நண்பர் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் அடிமுனையில், சுழியன் இருக்கும் இடத்தில், உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கோலை விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால், நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 நொடி. தடையின்றி விழும் பொருளுக்கான வாய்பாட்டைக் கொண்டு இதை நீங்களே சரிபார்க்கலாம்.

இது மிக எளிய வேலை. என்ன வரப்போகிறது என்பதும் செய்ய வேண்டியது என்ன என்பதும் உங்களுக்கு முன்பே தெரியும். சாலையில் அப்படி அல்ல. வளைவுக்கு அப்பால் நிற்பது மாடா, மரமா, மனிதனா என்று கண் காண வேண்டும்; மூளை அதைப் புரிந்துகொள்ள வேண்டும்; திருப்புவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும்; பிறகுதான் கால் பிரேக்கை மிதிக்கும். தெளிவான நிலையில் உள்ள ஒருவருக்கே இதற்கு ஒன்றரை நொடி ஆகலாம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது மலைப்பாதையில் சாதாரண வேகம். அது நொடிக்கு 10 மீட்டர். ஒன்றரை நொடியில் வண்டி 15 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின் நிற்பதற்குச் சமதளத்தில் இன்னும் 12 அல்லது 13 மீட்டர் தேவைப்படும் என்று கொள்வோம். ஆக 28 மீட்டர். போதை காரணமாக மூளை ஒரே ஒரு நொடி தாமதித்தால் அது 38 மீட்டர் ஆகிவிடும். இறக்கத்தில் இதற்கும் மேல். மலை வளைவுகளில் 38 மீட்டருக்கு முன்னே இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்கள் பல உண்டு அல்லவா? அந்த ஒரு நொடிக்காகத்தான் சட்டம் இவ்வளவு கடுமை காட்டுகிறது.

எல்லாப் போதைப்பொருள்களும் ஒரே விதமாக மூளையைக் கெடுப்பதில்லை. தூக்க மாத்திரைகளும் அபின் வகைகளும் மூளையின் வேலையை மந்தப்படுத்துகின்றன. கஞ்சா காலத்தையும் தொலைவையும் மதிப்பிடும் திறனைக் குலைக்கிறது. ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கவனிக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. வண்டியை ஒரே தடத்தில் செலுத்துவதும் கடினமாகிறது. ஆம்பெட்டமின் போன்ற ஊக்கிகள் களைப்பை மறைத்து, தன்னால் எதுவும் முடியும் என்ற பொய்த் துணிவைத் தருகின்றன. அவற்றின் வேகம் தணிந்ததும் மறைந்திருந்த களைப்பு முழுவதும் ஒரேயடியாக வந்து கண்ணை மூடச் செய்கிறது. இவற்றுடன் மதுவும் சேர்ந்தால் கேடு இன்னும் பெருகும்.

மதுவுக்கு ஓர் எண் உண்டு

நம் நாட்டில் முன்பு 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 1988-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 185-ஆம் பிரிவுதான் நமது பொருள்.

அப்பிரிவுக்கு இரண்டு கிளைகள் உண்டு. முதல் கிளை மதுவைப் பற்றியது. வண்டியோட்டியின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அது குற்றம். அவர் நன்றாக ஓட்டினாரா, தள்ளாடினாரா என்ற கேள்வியே இல்லை. எண்ணைத் தாண்டினால் குற்றம், அவ்வளவுதான்.

இப்படி ஓர் எண்ணை வைக்க எப்படி முடிந்தது? ஆல்கஹால் நீரில் எளிதில் கலப்பது. ஆகவே அது உடலிலுள்ள நீர் முழுவதும் ஏறத்தாழச் சீராகப் பரவுகிறது. இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப மூளையின் தடுமாற்றமும் ஏறுகிறது. மேலும் அது ஆவியாகக் கூடியது. நுரையீரலில் இரத்தமும் காற்றும் நெருங்கும் இடத்தில், இரத்தத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மூச்சுக்கு வருகிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹால், சுமார் 2,100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று கொள்வது வழக்கம். எனவே 30 மில்லிகிராம் என்னும் வரம்பை மூச்சுக் கணக்கில் மாற்றினால், ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மில்லிகிராம் வரும்.

காவலர் கையில் வைத்திருக்கும் சிறு கருவிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு வகை மின்கலம். மூச்சிலுள்ள ஆல்கஹால் அதன் பிளாட்டின மின்வாயில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கிறது. ஆல்கஹால் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். வேறு சில கருவிகள் அகச்சிவப்புக் கதிரை மூச்சின் ஊடே செலுத்துகின்றன. ஆல்கஹால் சில குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடுகிறது. காவலூரில் விண்மீனின் நிறமாலையில் உள்ள கருங்கோடுகளைக் கண்டு அதில் என்ன தனிமங்கள் உள்ளன என்று சொல்கிறார்கள் அல்லவா? அதே தத்துவம்தான் இங்கும். எந்த ஒளி காணாமல் போனதோ அதைக் கொண்டு பொருளை அடையாளம் காண்கிறோம்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். ஈரல் ஆல்கஹாலைத் தனக்கே உரிய வேகத்தில்தான் அழிக்கும். பொதுவாக, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். 90 மில்லிகிராம் உள்ளவர் 30-க்கு இறங்க நான்கு மணி நேரம் ஆகும். குளிர்ந்த நீரில் குளிப்பதோ, எலுமிச்சைச் சாறு குடிப்பதோ, காப்பி அருந்துவதோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

போதைப்பொருளுக்கு எண் இல்லை

185-ஆம் பிரிவின் இரண்டாம் கிளை போதைப்பொருளைப் பற்றியது. வண்டியைச் சரியாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலாத அளவுக்கு ஒருவர் போதைப்பொருளின் ஆளுகையில் இருந்தால் அது குற்றம் என்று அது கூறுகிறது. கவனியுங்கள்: இங்கே மில்லிகிராம் எதுவும் இல்லை. முதல் கிளை பொருளின் அளவைக் கேட்கிறது; இரண்டாம் கிளை மனிதனின் நிலையைக் கேட்கிறது.

எந்தப் பொருள் ‘போதைப்பொருள்’ என்பதையும் சட்டம் விளக்குகிறது. மது அல்லாத, மத்திய அரசு அறிவிக்கும் போதையூட்டும் பொருள்கள் அதில் அடங்கும். இயற்கையில் கிடைத்தாலும் சரி, செயற்கையாகச் செய்தாலும் சரி. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தில் குறிக்கப்பட்ட கஞ்சா, அபின், ஹெராயின், கொக்கேயின் முதலியவையும் அடங்கும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாக்கியது. மூச்சுப் பரிசோதனையுடன் ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட மற்றப் பரிசோதனைகளையும் அத்திருத்தம் சேர்த்தது.

மதுவுக்கு வைத்ததுபோல் இவற்றுக்கும் ஓர் எண்ணை வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் உடலியல் குறுக்கே நிற்கிறது.

கஞ்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மயக்கும் பொருள் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. புகைத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறி, மூளைக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் விரைவில் போய்விடுகிறது. ஆகவே இரத்தத்தில் அளவு சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் மயக்கம் இன்னும் சில மணி நேரம் இருக்கும். வண்டியோட்டியைப் பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோய், இரத்தம் எடுப்பதற்குள் எண் சிறியதாகியிருக்கும். இதற்கு நேர்மாறான சிக்கல் சிறுநீரில். கஞ்சாவின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரில் பல நாட்கள் தென்படும். வழக்கமாகப் புகைப்பவருக்குச் சில வாரங்கள் வரைகூடத் தென்படலாம். எனவே சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருந்தால், அவர் எப்போதோ பயன்படுத்தினார் என்றுதான் சொல்ல முடியும். வண்டி ஓட்டிய நேரத்தில் மயக்கத்தில் இருந்தார் என்று அதை மட்டும் கொண்டு சொல்ல முடியாது.

அளவின் நுண்மையும் ஒரு தடை. பிரிட்டனில் 2015 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 17 போதைப்பொருள்களுக்கு இரத்த வரம்புகள் வைத்திருக்கிறார்கள். கஞ்சாவின் மயக்கும் பொருளுக்கு அங்கே வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்தில் 2 மைக்ரோகிராம். நம் நாட்டு மது வரம்பை அதே அலகில் எழுதினால் லிட்டருக்கு 3,00,000 மைக்ரோகிராம் வரும். ஒன்றரை லட்சம் மடங்கு வேறுபாடு! ஆல்கஹாலை அளக்கும் மின்கலத்தால் இதைக் காணவே முடியாது.

ஆதலால் வேறு வழிகள் தேவைப்படுகின்றன. உமிழ்நீரைத் தொட்டு எடுத்து, எதிர்ப்பொருள்களைக் கொண்டு குறிப்பிட்ட போதைப்பொருளைக் காட்டும் சிறு பட்டைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் சாலையோர உமிழ்நீர்ப் பரிசோதனையைத் தொடங்கியது. ஆனால் பட்டை தருவது முதற்குறிப்பு மட்டுமே. உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. அங்கே இரத்த மாதிரியிலுள்ள பொருள்களை வாயு நிறப்பகுப்பு முறையில் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றின் மூலக்கூறுகளையும் உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கிறார்கள். எந்தப் பொருள் எப்படி உடையும் என்பது அதன் கைரேகை போன்றது. இத்தகைய பணிக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. நஞ்சுகளை ஆராய்வதற்கென இந்தியாவிலேயே முதலாவதாக வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் ஏற்பட்டது.

காவலர் வண்டியை நிறுத்தியபின்

சீருடையில் உள்ள காவல் அதிகாரி, தம் முன்னிலையில் 185-ஆம் பிரிவுக் குற்றம் செய்பவரை வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் அவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை சேரும் நேரமும் அந்த இரண்டு மணிக்குள் அடங்க வேண்டும். இந்தக் கெடு இருவருக்கும் நன்மை செய்கிறது. தாமதமானால் சான்று கரைந்துவிடும். தாமதமானால் ஒரு நிரபராதி வீணாகக் காவலில் கிடப்பார்.

நிரபராதி எப்படி மாட்டிக்கொள்வார் என்று வியக்க வேண்டாம். நீரிழிவு உள்ள ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று குறைந்தால் வியர்க்கும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். தலையில் அடிபட்டவரும் அப்படியே. பார்ப்பவர்களுக்கு இவர்கள் போதையில் இருப்பவர்கள் போலவே தோன்றுவார்கள். 1971-இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப்பற்றித் தெளிவாகத் தீர்ப்பளித்தது. வாயில் மது நாற்றம், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண் பாவை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட இயலாது என்றது. ஆகையால் மருத்துவர் ஆளைப் பரிசோதிப்பதும் வேண்டும். ஆய்வகம் இரத்தத்தைச் சோதிப்பதும் வேண்டும். முதலாவது ‘கட்டுப்பாடு இருந்ததா?’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. இரண்டாவது ‘அதற்குக் காரணம் போதைப்பொருளா?’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்போதுதான் போதைப்பொருள் வழக்கு உறுதிப்படுகிறது.

‘மூச்சு விட மாட்டேன், இரத்தம் தர மாட்டேன்’ என்று மறுத்துவிட்டால் தப்பலாமா? முடியாது. தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே குற்றச்சாட்டுக்கு ஆதரவான சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு கூறுகிறது.

தண்டனைகள்

2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மதுவாயினும் போதைப்பொருளாயினும் தண்டனை ஒன்றே. தலைக்கவசம் அணியாத குற்றத்தைப்போல் சாலையோரத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் வரிசையில் இது சேரவில்லை; நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆபத்து உண்டு. தண்டனை அளிக்கும் நீதிமன்றம் ஒருவரை உரிமம் பெறத் தகுதியற்றவர் என்று குறிப்பிட்ட காலத்துக்கு அறிவிக்கலாம். போதைக்கு அடிமையானவரின் உரிமத்தை வழங்கிய அதிகாரியே ரத்துச் செய்யவும் வழி உண்டு. காரோட்டியோ லாரி ஓட்டுநரோ உரிமத்தை இழந்தால் அது வயிற்றுப்பிழைப்பை இழப்பதே ஆகும். வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கவும் காப்பீட்டு ஒப்பந்தத்தில் இடம் இருக்கும்.

தூண்டியவரையும் சட்டம் விடுவதில்லை. போதையில் இருப்பவர் என்று தெரிந்தும் ‘பரவாயில்லை, நீயே ஓட்டு’ என்று வண்டியைக் கொடுத்து ஊக்குவிப்பவருக்கும், 188-ஆம் பிரிவின்படி அதே தண்டனை உண்டு.

வண்டி ஓட்டியதற்கான வழக்கு வேறு. போதைப்பொருளை உட்கொண்டதற்கான வழக்கு வேறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி ஹெராயின், கொக்கேயின் போன்றவற்றை உட்கொண்டால் ஓர் ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கஞ்சா போன்ற மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் அதே சட்டத்தில் ஒரு கருணை வாசலும் உண்டு. போதைக்கு அடிமையான ஒருவர் தாமாகவே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்காகவும் சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவும் வழக்குத் தொடரப்படுவதிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குத் திரும்பப் பெறப்படலாம்.

உயிர் போய்விட்டால்

2006 நவம்பர் 12-ஆம் நாள் விடியற்காலை. மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், கட்டடத் தொழிலாளர்கள் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வேகமாக வந்த ஒரு கார் அவர்கள்மீது ஏறியது. ஏழு பேர் மாண்டார்கள். எட்டுப் பேர் காயமுற்றார்கள். காரை ஓட்டிய இளைஞர் மது அருந்தியிருந்தது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கீழ் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்ற அறிவு ஓட்டுபவருக்கு இருந்தது. ஆகவே இது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று சொல்லி மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இவ்வழக்கு மதுவைப் பற்றியது. ஆனால் அதில் நிலைநின்ற தத்துவம் போதைப்பொருளுக்கும் பொருந்தக் கூடியது. தெரிந்தே மயக்கத்தை வருவித்துக்கொண்டு வண்டியில் ஏறியவர், ‘எனக்கு நினைவே இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையிலும் இந்த இரு படிகள் உள்ளன. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்த செயலால் விளைந்தால் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

மருத்துவர் தந்த மாத்திரையானால்?

‘மருத்துவர்தானே எழுதிக்கொடுத்தார்’ என்பது பலர் சொல்லும் சமாதானம். 185-ஆம் பிரிவில் மருந்துச் சீட்டுக்கென்று விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. டயாசிபாம் போன்ற அமைதி மாத்திரைகள் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் போதைப்பொருள்கள் அல்ல. ஆனாலும் அவை நன்றாகத் தூக்கம் வரவழைப்பவை. தூங்கி வழிந்துகொண்டு ஓட்டி விபத்து நேர்ந்தால், கவனக்குறைவுக்கான சட்டம் காத்திருக்கிறது. ஆகவே மாத்திரை வாங்கும்போது ‘இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?’ என்று கேளுங்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ சளி மருந்து குடித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தால் நீங்களே இதை நினைவூட்டலாம்.

உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு

உங்களில் பெரும்பாலோருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. 16 வயது முடிந்தவர்கள் 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட சிறு வண்டியை மட்டும் உரிமம் பெற்று ஓட்டலாம். மற்றபடி, வயது வராத ஒருவர் மோட்டார் வண்டியை ஓட்டிக் குற்றம் செய்தால், 199-அ பிரிவின்படி அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாளியாவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அவருக்கு விதிக்கப்படலாம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி செய்ததாகவோ அவர் மெய்ப்பித்தால்தான் தப்ப முடியும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

ஆயினும் வண்டி ஓட்டாத உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பின்னால் ஏறி உட்காருவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓட்டப்போகிறவரின் கண்ணையும் பேச்சையும் பாருங்கள். ஐயம் இருந்தால் ஏறாதீர்கள். அவரையும் ஓட்ட விடாதீர்கள். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கடைசிப் பேருந்து போய்விட்டால், தெரிந்தவர் வீட்டில் தங்கிக் காலையில் போகலாம். ‘கோழை’ என்று சிலர் கேலி செய்யக்கூடும். இத்தனை பிரிவுகளும் பரிசோதனைகளும் வண்டி ஓடியபின் நடப்பவை. வண்டி ஓடுமுன் தடுக்கக் கூடியவர் பக்கத்தில் நிற்கும் நீங்கள் ஒருவரே.